அரங்கை நோக்காத சித்திரங்கள்: லண்டன் நகரக் கேலிப்படங்களும் கலைஞர்தம் அபிமானிகளும்



 கலைஞரைப் பற்றிப் பேசுவோர் பலர். கலைஞரைப் போற்றியவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். பாடியவர் எங்ஙனம் பாடினார் என்று எழுதிவைக்கும் சரித்திரம், கேட்டவர் எங்ஙனம் கேட்டார், கேட்டபின் தம் பணத்தையும் பொழுதையும் மானத்தையும் எவர் காலடியில் கொண்டுபோய்க் கொட்டினார் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறது. அவ்வாறு விடுபட்டுப்போன சரித்திரத்தில் ஒரு பகுதியை 18-ஆம் நூற்றாண்டின் லண்டன் நகரம் நாம் எதிர்பாராத ஓரிடத்தில், அதாவது செப்புத் தகடுகளில் கீறி அச்சிட்டுக் கடைவீதியில் விற்ற கேலிச்சித்திரங்களில், பத்திரமாக வைத்திருக்கிறது.

அச்சித்திரங்களை மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், புகழ்பெற்ற பாடகரையும் நடிகையரையும் இழிவுசெய்வதற்காகவே அவை பிறந்தன என்று கருதுவர். என் துணிபு அதுவன்று. அவற்றுள் சிறந்தவை யாவும் அரங்கில் நிற்பவரை விட்டு, இருக்கையில் அமர்ந்திருப்பவரையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகின்றன என்பதும், அங்ஙனம் ஏற்றாமல் கலைஞரின் உடம்பையும் ஊதியத்தையும் மட்டும் தாக்கியவை கலையிலும் அறத்திலும் தாழ்ந்துபோயின என்பதுமே இன்று நான் நிலைநாட்ட விழையும் கொள்கை. 1723-ஆம் ஆண்டளவில் தொடங்கி 1809-ஆம் ஆண்டு வரையில் தோன்றிய சில சித்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, என் கருத்துக்களை எண்ணிட்டுச் சொல்லுகிறேன்.

1. முதலாவது, இச்சித்திரங்களின் பிறப்பும் விற்பனையும் பற்றியது. மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் மெழுகுப்பூச்சு ஒன்றைப் பரப்பி, அதன்மீது ஊசியால் உருவத்தைக் கீறி, திராவகத்தைக் கொண்டு கீறிய கோடுகளை அரிக்கச் செய்து, அந்தப் பள்ளங்களில் மசியைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைப்பொறியில் அழுத்தி எடுப்பது இவற்றின் செய்முறை. வேண்டியவர்க்குக் கையால் வர்ணமும் தீட்டிக் கொடுப்பர். ஒரு படத்தின் விலை ஒரு ஷில்லிங் என்றால், அது கூலியாள் ஒருவனுடைய ஒரு நாள் உழைப்பில் பெரும்பகுதி. ஆகவே வாங்கியவர் பெரும்பாலும் வசதியுடையோர். வாங்க இயலாதோர் கடையின் கண்ணாடிச் சாளரத்தின்முன் கூடி நின்று இலவசமாகவே பார்த்து மகிழ்ந்தனர். ஸெயின்ட் ஜேம்ஸ் வீதியில் ஹன்னா ஹம்ப்ரி என்னும் அம்மையார் நடத்திய கடையும், அதன் மாடியிலேயே குடியிருந்து அவருக்காக உழைத்த ஜேம்ஸ் கில்ரே என்னும் மேதையும் இத்தொழிலின் உச்சநிலைக்குச் சான்று. பிக்காடிலியில் போர்ஸ் என்பவர், கேலிப்படங்கள் நிறைந்த தொகுப்புக்களை ஓர் இரவுக்கு வாடகைக்கும் கொடுத்துவந்தார். விருந்து முடிந்தபின் கோமான்களும் சீமாட்டிகளும் அவற்றைப் புரட்டிப் பார்த்துத் தம்மையொத்தவரின் பித்தத்தைக் கண்டு சிரித்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். கேலிக்குப் பொருளானவரும் கேலியை விலைகொடுத்து வாங்கியவரும் ஒரே வகுப்பினர். இந்த ஒன்றே என் கொள்கைக்கு முதல் ஆதாரம்.

இத்துறையின் மூலபுருஷர் என்று சொல்லத்தக்க வில்லியம் ஹோகார்த், 1733-ஆம் ஆண்டின் இறுதியில், தம் பெரிய படவரிசைகளுக்கு முன்பணம் செலுத்தியவர்க்குக் கொடுக்கும் ரசீதுச் சீட்டாக ஒரு சிறு சித்திரத்தை வரைந்தார். ‘சிரிக்கும் சபை’ என்று அதற்குப் பெயர். நாடகசாலையின் உட்புறம் அதில் காட்டப்பெறுகிறது. ஆனால் அரங்கம் காட்டப்பெறவில்லை. கீழே வாத்தியக்காரர் தம் தொழிலிலேயே கண்ணாக இருக்கிறார்கள். முள்வேலி போன்ற கம்பித் தடுப்பிற்கு அப்பால் தரைப்பகுதியில் அமர்ந்திருக்கும் சாமானியர் விலாப்புறம் நோகச் சிரிக்கிறார்கள். அவருள் ஒருவர்மட்டும் கடுகடுத்த முகத்தோடு சிரிக்க மறுக்கிறார். மேலே தனியறைகளில் வீற்றிருக்கும் நாகரிகப் பிரபுக்களோ, நாடகத்தைத் திரும்பியும் பாராமல், ஆரஞ்சுப்பழம் விற்கவந்த பெண்ணோடும் பக்கத்திலிருக்கும் சீமாட்டியோடும் சல்லாபம் செய்துகொண்டிருக்கிறார்கள். நடிப்பது யார், நாடகம் யாது என்பதைச் சித்திரம் சொல்லவே இல்லை. சொல்லவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பார்ப்பவர் முகங்களே அங்கு நாடகம். பணம் கட்டியவர் கையில் ஹோகார்த் கொடுத்த ரசீது, அவரவர் முகத்தையே அவரவர்க்குக் காட்டுவதாக அமைந்தது என்பதில் ஆழ்ந்த பொருள் உண்டு.

2. இனி 1724-ஆம் ஆண்டுக்குச் செல்லுவோம். 1711-இல் இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘ரினால்டோ’ அரங்கேறியதிலிருந்து இத்தாலிய இசைநாடகத்தின்மீது லண்டன் நகரத்துக் கோமான்களுக்குப் பெருமோகம் பிறந்திருந்தது. 1719-இல் அதற்கென ஒரு சங்கமே நிறுவப்பெற்றது. 1720-இல் ஸெனெஸினோ என்னும் பாடகரும், 1722-இன் இறுதியில் பிரான்செஸ்கா குஸ்ஸோனி என்னும் பாடகியும் வந்துசேர்ந்தனர். அப்போது இருபத்தாறு வயதினராக இருந்த ஹோகார்த், தாமே வரைந்து தாமே வெளியிட்ட முதற் சித்திரங்களுள் ஒன்றில் இந்த மோகத்தை எடுத்துக்கொண்டார். வீதியொன்றின் இருபுறமும் இரண்டு கூட்டங்கள். ஒரு பக்கத்தில் முகமூடி விருந்துக்குள் நுழையும் கூட்டத்தைச் சாத்தான் ஒருவனும் விதூஷகன் ஒருவனும் அழைத்துச் செல்ல, விருந்தை நடத்தும் ஹைடெக்கர் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறார். மறுபக்கத்தில் கோமாளிக் கூத்துக்கு மற்றொரு கூட்டம் முண்டியடிக்கிறது. இசைநாடகத்திற்கு அறிகுறியாகத் தொங்கும் பெரிய திரைச்சீலையில், பிரபுக்கள் மண்டியிட்டு 8,000 பவுனை ஏற்றருளுமாறு குஸ்ஸோனியை இறைஞ்ச, அவர் காசுகளை வாருகோலால் தம் பக்கம் இழுத்துக்கொள்ளுகிறார். நடுவீதியில் ஒருத்தி ஒற்றைச்சக்கர வண்டியில் ஷேக்ஸ்பியர், டிரைடன், கான்கிரீவ் ஆகியோரின் நூல்களைக் கடைகளுக்குப் பொட்டலம் கட்டும் பழங்காகிதமாகத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

இந்தப் படத்தில் குஸ்ஸோனியின் வாருகோலைக் கண்டு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுபவர் படத்தைப் பாதிதான் பார்த்தவர். பாடகி இருப்பது திரைச்சீலையில் வரைந்த ஓவியமாக. வீதியில் உயிரோடும் இரத்தத்தோடும் நிற்பவர் அவரைத் தேடி ஓடுபவர்களே. ஷேக்ஸ்பியரைப் பழங்காகிதமாக்கியவர் இத்தாலிய நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அல்லர். அவரைக் காண ஓடுகையில் அந்த வண்டியைத் திரும்பிப் பாராத உள்நாட்டுக் கனவான்கள். மண்டியிட்டிருப்போருள் ஒருவராக அடையாளம் காணப்பெறும் பீட்டர்பரோ பிரபு, அனஸ்டேஷியா ராபின்ஸன் என்னும் ஆங்கிலப் பாடகியைத் தம் மனைவியாக ஏற்றும், அந்த மணத்தை உலகறிய ஒப்புக்கொள்ளப் பல்லாண்டுகள் தயங்கியவர். பொதுமன்றத்தில் மண்டியிடத் துணிந்த முழங்கால், இல்லறத்தில் கூச்சப்பட்டது. இவ்வகை அபிமானத்தின் உள்ளியல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

1726-இல் பாஸ்டினா போர்தோனி என்னும் மற்றொரு பாடகி வந்தபின் நகரம் இரண்டு கட்சியாகப் பிளந்தது. 1727-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போனொன்சினி இசையமைத்த ‘அஸ்டியனாட்டே’ என்னும் இசைநாடகம் நடந்த ஓர் இரவில், இளவரசி கரோலைன் வீற்றிருந்த சபையிலேயே இரு கட்சியாரும் சீழ்க்கையடித்தும் பூனைபோலக் கத்தியும் ஆட்டத்தைக் குலைத்தனர். இரண்டு பாடகியரும் அரங்கில் ஒருவரையொருவர் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டனர் என்ற கதையைத் துண்டுப்பிரசுரங்கள் பரப்பின. கலகம் செய்தது சபை. பழி சுமந்தது பாடகியர். மூலவினையைச் செய்தவரை மறைத்து, அவ்வினையால் துன்புற்றவரை நகைப்பதற்குப் பொருளாக்கும் இந்த மாற்றத்தை நாம் இத்துறையில் திரும்பத் திரும்பக் காண்போம்.

ஹோகார்த்திடமும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பிறநாட்டினர் என்பதனாலேயே பிறநாட்டுக் கலைஞரை வெறுக்கும் மனப்பான்மை அவர் கோடுகளில் புலப்படுகிறது. குஸ்ஸோனி பாடியவை ஹாண்டலின் அமர சங்கீதங்கள் என்பதை அவருடைய சித்திரம் ஓரிடத்திலும் நினைவூட்டுவதில்லை. ஆயினும் நடிகரின் புகழையே அவர் பகைத்தவர் என்று சொல்லவும் முடியாது. டேவிட் காரிக்கை மூன்றாம் ரிச்சர்டு வேடத்தில் அவர் தீட்டிய பேரோவியம் கலைஞன் ஒருவனுக்குக் கலைஞன் ஒருவன் செய்த மரியாதை. அது 200 பவுனுக்கு விலைபோயிற்று. தகுதியறிந்து போற்றுதலை அவர் வெறுத்தாரல்லர். தன்னையே மறந்து கூட்டத்தோடு கூட்டமாகக் கூவுதலையே வெறுத்தார்.

இச்சித்திரத்திற்கு வேறொரு வகையிலும் சரித்திரத்தில் இடமுண்டு. ஒரு ஷில்லிங்குக்கு விற்ற அதனைக் கடைக்காரர் திருட்டுப்பிரதி எடுத்துப் பாதி விலைக்கு விற்றனர். அந்த அநீதி ஹோகார்த்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அவரும் அவரையொத்த சித்திரக்காரரும் பாராளுமன்றத்தில் முறையிட்டதன் பயனாக, 1735-ஆம் ஆண்டில் செதுக்குச்சித்திரங்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் உரிமை வழங்கும் சட்டம் பிறந்தது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரையில் தம் அடுத்த பெரும் படைப்பை வெளியிடாமல் நிறுத்திவைத்திருந்தார் அவர்.

3. அந்தப் படைப்புத்தான் எட்டுப் படங்கள் கொண்ட ‘ஊதாரியின் போக்கு’. என் வாதத்தின் நடுநாயகமும் அதுவே. கருமியான தந்தை பூட்டிப் பூட்டிச் சேர்த்த செல்வம் டாம் ரேக்வெல் என்னும் இளைஞன் கைக்கு வருகிறது. இரண்டாம் படத்தில் அவன் கனவானாக மாறிக் காலை வேளையில் பலரும் சூழ நிற்கிறான்: நடன ஆசிரியன், வாட்போர் ஆசிரியன், தோட்டக்கலைஞன், குதிரைப் பந்தயக்காரன், கூலிக்கு வாளெடுக்கும் ஒருவன். ஒருபுறம் ஒருவர் இசைப்பெட்டியின்முன் அமர்ந்திருக்கிறார். அவருடைய நாற்காலியின் முதுகிலிருந்து தரைவரை ஒரு நீண்ட சுருள் தொங்குகிறது. அதன் கடைசிப் பகுதிக்கருகில் ஒரு படத்தாள் கிடக்கிறது. இந்தச் சுருளையும் அந்தத் தாளையும் நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

பாரினெல்லி என்று உலகம் அறிந்த கார்லோ புரோஸ்கி 1705-இல் பிறந்தவர். 1734-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘அர்த்தஸர்ஸே’ என்னும் இசைநாடகத்தில் லண்டன் சபையின்முன் முதன்முதலாகத் தோன்றினார். ஹாண்டலுக்குப் போட்டியாகப் பிரபுக்கள் நிறுவிய குழு அவரை வரவழைத்திருந்தது. வேல்ஸ் இளவரசர் பிரெடரிக் அதன் புரவலர். பாரினெல்லி பாடக்கேட்ட சீமாட்டி ஒருத்தி, கடவுள் ஒருவரே, பாரினெல்லியும் ஒருவரே என்னும் கருத்துப்படத் தன் தனியறையிலிருந்து கூவினாள் என்பது நகரமெங்கும் பரவிய செய்தி. தரையில் கிடக்கும் தாளில் ஹோகார்த் அந்தக் கூக்குரலையே எழுதி, பீடத்தில் அமர்ந்த பாடகரின்முன் பெண்கள் எரியும் இதயங்களைப் பலிபீடத்தில் நைவேத்தியம் செய்வதாகக் காட்டியிருக்கிறார். நாற்காலிச் சுருளோ, ஓர் இரவுப் பாட்டுக்காகப் பாரினெல்லி மனமிரங்கி ஏற்றுக்கொண்ட பரிசில்களின் ஜாபிதா. அந்த ஜாபிதாவில் நம் ரேக்வெல் அளித்த பரிசிலும் இடம்பெறுகிறது: ஆர்பியஸ் தன் யாழிசையால் மிருகங்களை மயக்கும் கதை செதுக்கப்பெற்ற பொற்பொடிமட்டை.

நண்பர்களே, இந்தப் பொடிமட்டையில் ஹோகார்த்தின் மேதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். பரிசில் பெறுபவரை ஆர்பியஸ் என்று உயர்த்த நினைத்த இளைஞன், ஆர்பியஸின் பாட்டைக் கேட்டு நின்றவை மிருகங்கள் என்பதை மறந்துவிட்டான்; தன்னைப்பற்றிய தீர்ப்பைத் தானே பொன்னில் பொறித்து, தந்தை சேர்த்த பணத்தில் விலைகொடுத்து வாங்கி, ஊரறியப் பட்டியலிலும் ஏற்றிவிட்டான். பாரினெல்லி அந்த அறையில் இல்லை. அவருடைய முகம் எவ்விதமாகவும் கோணலாக்கப்படவில்லை. அவர்மீது ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார், அவ்வளவே. எட்டாம் படத்தில் பித்தர் விடுதியின் தரையில் விலங்கு பூட்டப்பெற்றுக் கிடப்பவன் பாடகன் அல்லன், அபிமானி. அங்குக் கொண்டுசேர்த்த பாதையில் சூதும் கடனும் பல படிகள். ஆனால் அந்தப் படிகளுள் ஒன்றாகப் பொடிமட்டையையும் வைத்ததில் சித்திரக்காரரின் நீதி தவறவில்லை.

இந்த நேர்மை எல்லாச் சித்திரங்களிலும் இருந்ததா என்றால், இல்லை என்று வருத்தத்தோடு சொல்லவேண்டும். ஸெனெஸினோவும் பாரினெல்லியும், பருவம் எய்துவதற்குமுன் குரல் உடையாதிருக்கும்பொருட்டு ஆண்மை நீக்கப்பெற்றவர்கள். அரங்கில் பெண்கள் தோன்றக்கூடாதென்ற தடையும், தேவாலயப் பாடகர் குழுவுக்கு உயர்ந்த குரல் வேண்டுமென்ற ஆசையும், ஏழைக் குடும்பங்களின் பேராசையும் ஒன்றுகூடி இத்தாலியச் சிறுவர்க்கு இழைத்த கொடுமை அது. அந்தச் சஸ்திரத்தால் எலும்பின் வளர்ச்சி முறைமாறி, அவர்களுள் பலர் கைகால் மிக நீண்டு, மார்பு அகன்று வளர்ந்தனர். 1723-ஐ ஒட்டித் தோன்றி, நெடுங்காலம் ஹோகார்த்தின் பெயரால் வழங்கி, இப்போது ஜான் வாண்டர்பாங்க் வரைந்ததாகக் கருதப்பெறும் ஒரு சித்திரம், குள்ளமான குஸ்ஸோனியை நடுவில் நிறுத்தி, இருபுறமும் ஸெனெஸினோவையும் பெரென்ஸ்டாட் என்னும் மற்றொரு பாடகரையும் பனைமரங்களாக வரைந்து நகைக்கிறது. குழந்தைப் பருவத்தில் ஒருவன் உடம்பில் பிறர் செய்த காயத்தைப் பின்னர் அவனுடைய விகாரமாகக் காட்டிச் சிரிப்பதற்கு எந்தக் கலைத்திறனும் பிராயச்சித்தம் ஆகாது. காயத்தைச் செய்ய விலைகொடுத்தவர் எவரோ, அவரல்லவா அங்கு நிறுத்தப்பெற்றிருக்கவேண்டும்? வாண்டர்பாங்கின் தகட்டில் கேட்போர் ஒருவரும் இல்லை. அதனாலேயே அது வெறும் ஏளனமாக நின்றுவிட்டது.

ஹோகார்த் இதே பொருளை 1745-இல் வெளியிட்ட ‘நாகரிக விவாகம்’ என்னும் வரிசையின் நான்காம் படத்தில் மீண்டும் எடுத்தாளும்போது, பருத்த பாடகன் ஒருவனை நகைக்காமல் விடவில்லை. ஆனால் நம் கண் பாடகனிடத்தில் நிற்பதில்லை. இரு கைகளையும் விரித்து இருக்கையைவிட்டுச் சரியும் நிலையில் பரவசமடையும் சீமாட்டியிடத்திலும், அவளுக்குப் பின்னால் சவுக்கும் கையுமாக உறங்கிவிட்ட கணவனிடத்திலுமே அது நிலைகொள்ளுகிறது.

உண்மை அபிமானத்துக்கு இச்சித்திரங்களில் இடமே இல்லையோ என்று கேட்கலாம். சார்லஸ் பர்னி என்னும் இசைச் சரித்திராசிரியர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைத்திருக்கிறார். ஸெனெஸினோவும் பாரினெல்லியும் முதன்முறையாக ஒரே அரங்கில் தோன்றியபோது, முன்னவர் கொடுங்கோலனாகவும் பின்னவர் விலங்கிடப்பெற்ற வீரனாகவும் வேடம் பூண்டிருந்தனர். பாரினெல்லியின் முதற்பாட்டு முடிவதற்குள், கொடுங்கோலன் தன் வேடத்தை மறந்து ஓடிச்சென்று கைதியைத் தழுவிக்கொண்டான். தொழிலில் தமக்குப் போட்டியாக வந்தவரைச் சபையறியத் தழுவிய அந்த மனிதரின் செயலைக் கேலிச்சித்திரக்காரர் தகடுகளில் நான் கண்டதில்லை. கேலி செய்வதற்கு அதில் யாதும் இல்லை. பொடிமட்டை கொடுத்தவனுக்கும் தழுவிக்கொண்டவருக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தே சிறந்த சித்திரக்காரர் தம் ஊசியை எடுத்தனர் என்பது என் நம்பிக்கை.

4. நடிகையரும் அவரை நாடிய பிரபுக்களும் பற்றியது அடுத்த கருத்து. 1728-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் கே இயற்றிய ‘பிச்சைக்காரர் இசைநாடகம்’ அரங்கேறி, முதல் பருவத்திலேயே 62 முறை நடைபெற்றது. அதில் பாலி என்னும் பாத்திரமாகத் தோன்றிய லவீனியா பென்டனின் உருவம் செதுக்குச்சித்திரமாக ஆயிரக்கணக்கான கைகளில் ஏறியது. அவருடைய வாழ்க்கை வரலாறென்று புனைநூல்களும் விற்பனையாயின. போல்ட்டன் கோமகன் இரவுதோறும் வந்து பார்த்து, அப்பருவத்தின் முடிவில் அவரை அழைத்துச்சென்றார். மனைவி இறந்தபின் 1751-இல் மணந்துகொண்டார். ஹோகார்த் இந்நாடகத்தின் சிறைச்சாலைக் காட்சியைப் பலமுறை தீட்டினார். அக்காலத்து வழக்கப்படி பிரபுக்கள் அரங்கத்தின் இரு ஓரங்களிலும் அமர்ந்திருக்க, கடைசியாகத் தீட்டிய ஓவியத்தில் பாலியின் பார்வை தன் தந்தைவேடத்தானைக் கடந்து, அங்கு அமர்ந்திருக்கும் கோமகனையே சென்று சேர்வதாக அமைத்திருக்கிறார்.

கில்ரேயின் காலத்தில் கோடுகள் இதைக்காட்டிலும் கூர்மையடைந்தன. 1796-இல் அவர் வெளியிட்ட படமொன்றில் எலிஸபெத் பாரன் என்னும் நடிகை மூங்கில்போல் நெடிதாகவும், டார்பி பிரபு அவர் இடையளவே உயரமுள்ள உருண்டையாகவும் கிறிஸ்டியின் ஏலக்கூடத்தில் ஓவியம் பார்த்து நிற்கிறார்கள். நோயுற்ற மனைவியின் மரணத்துக்காகக் காத்திருந்த அந்தப் பிரபு, 1797 மார்ச்சில் அவள் இறந்ததும் மே முதல் நாளில் நடிகையை மணந்தார். அதே 1797-இல் தோன்றிய மற்றொரு படம் எனக்கு இதனினும் உயர்ந்ததாகப் படுகிறது. மன்னரின் மகனாகிய கிளாரன்ஸ் கோமகன், வியர்த்து விறுவிறுத்து, தம் மூன்று குழந்தைகளை ஏற்றிய சிறு வண்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார். அவரோடு வாழ்ந்த நடிகை டாரதி ஜோர்டன் கூடவே நடந்தவாறு, அன்றைய நாடகத்தின் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு மூட்டவே அது வரையப்பெற்றது. ஆயினும் அதில் உழைப்பவர் யார் என்பதைக் கில்ரே மறைக்கவில்லை. அரண்மனைப் பிள்ளையின் குடும்பத்திற்கு நாடகசாலை ஊதியமும் துணைநின்றது என்பது ஊரறிந்த செய்தி. பத்துக் குழந்தைகளைப் பெற்ற அந்த அம்மையாரைக் கோமகன் 1811-இல் விலக்கினார். 1816-இல் பிரான்ஸ் தேசத்தில், குழந்தைகளைப் பிரிந்து, கடன் தொல்லையோடு அவர் இறந்தார். கோமகனோ 1830-இல் நான்காம் வில்லியம் என்ற பெயரோடு அரியணை ஏறினார்.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தையும் சொல்லியாகவேண்டும். 1784-இல் ரெய்னால்ட்ஸ் பெருமகனார், நடிகை ஸாரா ஸிடன்ஸ் அம்மையாரைச் சோகரஸ தேவதையாக மேகங்களிடையே அமர்த்திய ஓவியத்தைக் கண்காட்சியில் வைத்தார். அவ்வாண்டின் இறுதிக்குள், அதே தேவதை பணப்பையைப் பற்ற ஆவலோடு கைநீட்டுவதாக ஒரு கேலிப்படம் கடைகளில் தொங்கியது. சக நடிகர் ஒருவரின் உதவிக்காட்சியில் நடிக்க மறுத்தார் என்ற வதந்தியை நம்பி, முந்தைய பருவத்தில் அவரைக் கண்ணீர்மல்கக் கொண்டாடிய சபையே அக்டோபரில் அவரைக் கூக்குரலிட்டு வரவேற்றிருந்தது. குழந்தைகள் பலரைத் தம் உழைப்பால் வளர்த்த ஒரு பெண், தாம் செய்த வேலைக்கு ஊதியம் கேட்பதில் குற்றம் என்ன? பாடகிமுன் மண்டியிட்டுப் பவுன்களைக் கொட்டும் பிரபுவை நகைப்பது நீதி; பாடுபட்டவர் கூலி கேட்டால் நகைப்பது, கலையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கலைஞரின் வயிற்றை மறப்பதாகும். வேறெந்தத் தொழிலாளியிடமும் நாம் வேண்டாத துறவைக் கலைஞரிடம் மட்டும் வேண்டும் இந்த மனநிலை லண்டன் நகரத்தோடு முடிந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.

5. மாஸ்டர் பெட்டி என்னும் சிறுவனைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1803-இல், பதினோரு வயதில் பெல்பாஸ்ட் நகரில் நடிக்கத் தொடங்கியவன் 1804 டிசம்பர் முதல் நாளில் லண்டனில் தோன்றினான். கூட்டத்தை அடக்கப் பட்டாளம் நிறுத்தப்பெற்றது. நெரிசலில் பலர் மூர்ச்சையடைந்தனர். முதிர்ந்த நடிகர்களை ஒதுக்கிவிட்டு நகரம் அவனைத் தலைமேல் தூக்கிவைத்துக் கூத்தாடியது. 1805 ஜனவரியில் கில்ரே வெளியிட்ட படத்தில், கடன்பட்டுத் தவித்துவந்த நாடகசாலை அதிபர் ஷெரிடன் கோமாளிப்பொம்மை வடிவில் நின்று சோப்புக்குமிழி ஊதுகிறார்; குமிழிக்குள் சிறுவன்; அதைக் கண்டு ஆர்ப்பரிப்பவர் நாட்டின் பெரியமனிதர்கள். குழந்தையின்மேல் ஒரு கீறலும் விழாமல், ஊதியவர்மீதும் கைகொட்டியவர்மீதும் முழுப்பொறுப்பையும் சுமத்திய இப்படத்தை நான் கில்ரேயின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளுகிறேன். இரண்டு பருவங்களில் குமிழி உடைந்தது. வளர்ந்தபின் மீண்டும் நடிக்க அவர் எடுத்த முயற்சிகளை எவரும் பொருட்படுத்தவில்லை. 1874 வரை அவர் உயிரோடிருந்தார். அவரைக் கடவுளாக்கிய தலைமுறை அவருக்கு முன்பே மறைந்துபோயிற்று.

6. கடைசியாக, அபிமானியே கேலியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி. 1808 செப்டம்பரில் கோவென்ட் கார்டன் நாடகசாலை எரிந்துபோயிற்று. புதிய கட்டடம் 1809 செப்டம்பர் 18-ஆம் நாள் ‘மாக்பெத்’ நாடகத்தோடு திறக்கப்பெற்றது. கட்டடச் செலவை ஈடுசெய்யத் தரைப்பகுதிக் கட்டணம் மூன்றரை ஷில்லிங்கிலிருந்து நான்காகவும், தனியறைக் கட்டணம் ஆறிலிருந்து ஏழாகவும் உயர்ந்தன. செல்வர்க்கென மூடிய அறைகள் மிகுந்தன. கட்டலானி என்னும் இத்தாலியப் பாடகிக்குப் பெருந்தொகை பேசப்பெற்றது. பழைய விலையே வேண்டுமென்று 67 இரவுகள் சபை கலகம் செய்தது. கிலுகிலுப்பை, மணி, கொம்பு, எழுத்துப்பலகை ஆகியவற்றோடு வந்தவர்கள் நடிகருக்கு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்தனர். ஐசக் குரூக்ஷாங்கும் அவர் மகன் ஜார்ஜும் கிலுகிலுப்பையைக் கண்டு திகைக்கும் நாடகசாலை நிர்வாகியும் நடிகருமான கெம்பிளை மாக்பெத்தாகவே வரைந்து தள்ளினர்.

ஹோகார்த் 1733-இல் அரங்கத்தை மறைத்துச் சபையைக் காட்டியதை, 1809-இல் சபை தானே செய்து முடித்தது. கட்டணம் கொடுப்பவருக்கும் நாடகசாலையில் உரிமை உண்டென்ற அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருந்தது. மண்டியிடும் அபிமானியைவிட உரிமை கேட்கும் ரஸிகர் மேலானவர் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயத்தின் நிழலிலேயே கட்டலானியின் அந்நியநாட்டுப் பிறப்பு வசைக்குரியதாயிற்று. அவர் தம் ஒப்பந்தத்தைக் கைவிட்டு விலகினார். கலகத்தை அடக்க நிர்வாகத்தார் டேனியல் மென்டோஸா முதலான யூத மல்லரைக் கூலிக்கு அமர்த்தியது தவறான செயல்; அதைச் சாக்காகக்கொண்டு சித்திரங்களும் எழுத்துப்பலகைகளும் யூத மக்கள் அனைவரையும் இழிவுசெய்தது அதனினும் பெருந்தவறு. டிசம்பரில் கெம்பிள் பணிந்தார். தரைப்பகுதிக் கட்டணம் பழைய மூன்றரை ஷில்லிங்குக்கு இறங்கியது. மூடிய அறைகள் குறைக்கப்பெற்றன. தனியறைக்கு ஏழு ஷில்லிங் என்பது நிலைத்தது. கலகக்காரர் கேட்ட நியாயத்தில் பெரும்பகுதி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. கட்டலானியிடமும் யூதர்களிடமும் அவர்கள் பட்ட கடனை எந்த உடன்படிக்கையும் தீர்க்கவில்லை. அதைத் தீர்க்கவேண்டுமென்று வரைந்த சித்திரம் ஒன்றையும் அந்த ஆண்டின் கடைச்சாளரங்கள் எனக்குக் காட்டவில்லை.